பூங்காவுக்குப் புதிதாக எதுவும் வேண்டாம்: செயலாளரின் ஆண்டறிக்கை

தலைவர் ஐயாவுக்கும், செயற்குழுவினருக்கும், கூட்டத்துக்கு வராவிட்டாலும் வாட்ஸ்அப்பில் தவறாமல் கேள்வி கேட்கும் அங்கத்தவர்களுக்கும் வணக்கம்.

இந்த ஆண்டு நம் சங்கம் கொழும்பு விகாரமகாதேவி பூங்காவில் எதையும் கட்டவில்லை. இதைக் குறையாக எழுதச் சொன்னார்கள், நான் சாதனையாகத்தான் எழுதுகிறேன். அங்கத்தவர் ஒருவர் தம் தகப்பனார் நினைவாக நகர மண்டபப் பக்கம் ஒரு சீமெந்து வளைவு கட்டித்தர முன்வந்தார். நல்ல மனசுதான், ஆனால் அந்தப் பக்கம் பெரிய புத்தர் சிலை இருக்கிறது, எதிரே 1928இல் கட்டி முடித்த வெள்ளை மண்டபம் நிற்கிறது, உள்ளே காலிமுகத்திடலிலிருந்து கொண்டுவந்த போர் நினைவுத் தூணும் உண்டு. பார்க்க வேண்டியது போதுமான அளவு இருக்கிறது, உட்காரத்தான் இடமில்லை. அந்தக் காசில் உடைந்த வாங்குகளைத் திருத்தித் தரமுடியுமா என்று கேட்டோம். கொஞ்சநாள் முகம் கொடுத்துப் பேசவில்லை, அப்புறம் சம்மதித்தார்.

அனுமதி வாங்குவதிலேயே பாதி ஆண்டு போய்விட்டது. ஓர் அலுவலகத்தில் தமிழில் கடிதம் கொடுத்தோம், சிங்களத்தில் கேட்டார்கள். சிங்களத்தில் கொடுத்தோம், வரைபடம் கேட்டார்கள். வாங்குக்கு வரைபடம்! கட்டடக்கலை படிக்கும் ஒரு தங்கச்சி நாலு காலையும் மூன்று பலகையையும் அளவோடு கீறிக் கொடுத்தாள், ஏற்றுக்கொண்டார்கள். துருப்பிடித்த ஆணிகளைப் பிடுங்கி, போல்ட் போட்டு இறுக்கி, பச்சைப் பெயின்ற் அடித்தோம். அது காயுமுன் ஒரு பெரியவர் வந்து உட்கார்ந்துவிட்டார். சாரம் முழுக்கப் பச்சைக் கோடு. அவரும் எழும்பவில்லை, "இவ்வளவு நாள் எங்கே போனீர்கள்" என்றுதான் கேட்டார்.

மரங்கள் விஷயத்தில் கூட்டம் இரண்டாகப் பிரிந்தது எல்லாருக்கும் தெரியும். 2023 ஒக்டோபரில் கொள்ளுப்பிட்டியில் பஸ் மேல் மரம் விழுந்து ஐந்து பேர் இறந்த பிறகு, வானம் கறுத்தாலே ஆட்கள் அண்ணாந்து பார்க்கிறார்கள். அந்தப் பயம் நியாயமானது. ஆனால் பழைய மரம் எல்லாவற்றையும் தறிக்கச் சொல்லும் தீர்மானத்தை நான் எதிர்த்தேன். வயது போனதற்காக மட்டும் மரம் விழுவதில்லை. அடியைச் சுற்றிச் சீமெந்து பூசி மூச்சடைக்க வைத்து, கான் வெட்டும்போது வேரை அறுத்து, அடிமரம் உக்கியிருக்கிறதா என்று யாரும் தட்டியும் பார்க்காமல் விட்டால் விழாமல் என்ன செய்யும்? மே மாதத் தென்மேற்குப் பருவமழைக்கு முன் ஒவ்வொரு மரத்தையும் பரிசோதிக்கச் சொல்லி எழுதினோம். பதில் இன்னும் வரவில்லை. வௌவால்களைத் துரத்தச் சொன்ன கடிதத்தை நான் அனுப்பவேயில்லை, அதற்கு என்னைத் திட்டலாம்.

இன்னொன்று, தற்காலிகம் என்று சொல்லிக் கயிறு கட்டிய மூலை. இந்தப் பூங்காவை நம் பெரியவர்கள் சிலர் இன்னும் விக்டோரியா பார்க் என்றுதான் சொல்கிறார்கள். ஜப்பான்காரர் கொழும்பில் குண்டு போட்ட காலத்தில் இங்கே ஆஸ்திரேலியப் படை முகாமிட்டிருந்தது. போர் முடிந்து சீர்செய்து 1951இல் சனங்களுக்குத் திறந்துவிட்டார்கள், 1958இல் துட்டகைமுனு மன்னனின் தாயான விகாரமகாதேவியின் பெயரை வைத்தார்கள். யுத்தத்துக்கு எடுத்த இடமே திரும்பி வந்திருக்கும்போது, ஒரு வார இறுதி விழாவுக்கு அடைத்த மூலை மாதக்கணக்கில் ஏன் திரும்பி வருவதில்லை? கொம்பனித்தெரு மாடிவீட்டுப் பிள்ளைக்கு ஓட வேறு முற்றம் கிடையாது. பின்னேரம் அந்தக் கயிற்றடியில் பந்தோடு நிற்கும் பிள்ளைகளைப் பார்த்தவர்களுக்கு நான் சொல்வது புரியும்.

குடைக்குள் இருக்கும் காதலர்களைப் பற்றி வந்த முறைப்பாடுகளைச் செயற்குழு கையில் எடுக்கவில்லை. நமக்கு நடக்கப் பாதை இருக்கிறது, அவர்களுக்கு வேறு எங்கே இடம் இருக்கிறது, சரி விடுங்கள்.

கழிவறைக்குத் தண்ணீர் வருகிறது, கதவுக்குத்தான் இன்னும் கொண்டி இல்லை. அது அடுத்த ஆண்டின் முதல் வேலை. கணக்கறிக்கையைப் பொருளாளர் வாசிப்பார். சந்தா பாக்கி வைத்திருப்பவர்கள் அவரைக் கண்டதும் மற்றப் பாதையால் திரும்பி நடக்கிறார்களாம். பெயர்ப் பட்டியல் அவரிடம் இருக்கிறது, இன்றைக்கே கொடுத்துவிடுங்கள்.