பஃபர் கரைவதைக் கண்டுபிடித்தவருக்கு நன்றி
எங்கள் நேரலை ஒலியை அனுப்பும் சர்வரும் அதைக் கேட்கும் கிளையன்ட்டும் தொடக்கத்தில் குறையின்றி இயங்கி, நேரம் செல்லச் செல்ல ஒலி விட்டுவிட்டு வந்ததால், எல்லோரும் நெட்வொர்க்கையே சந்தேகித்தோம். பெயர் சொல்லாமல் உதவியவரே, யாரும் கேட்காமலே எங்கள் லாக் கோப்பிலிருந்து பஃபரின் (ஒலி தடைபடாமலிருக்கக் கேட்கும் பக்கம் முன்கூட்டியே சேர்த்துவைக்கும் ஒலித்தரவின்) அளவை வரைபடமாக்கி, அது திடீரென வற்றாமல் ஒரே சீராகக் கரைவதைக் காட்டினீர்கள். இரு முனைகளிலும் 48,000 ஹெர்ட்ஸ் (நொடிக்கு 48,000 சாம்பிள்கள், அதாவது ஒலி அளவீடுகள்) என்றே குறித்திருந்தாலும் இரண்டு சவுண்ட் கார்டுகளின் கடிகாரங்கள் இம்மி பிசகாமல் ஒன்றாக ஓடுவதில்லை என்றும், கேட்கும் பக்கம் நொடிக்கு 2 சாம்பிள்களைக் கூடுதலாக எடுத்தாலே 20 மில்லிநொடிக்குரிய 960 சாம்பிள்கள் 8 நிமிடங்களில் தீர்ந்துவிடும் என்றும் பொறுமையாக விளக்கினீர்கள். பஃபரைப் பெரிதாக்கினால் கோளாறு தள்ளிப்போகுமே தவிர தீராது என்று எச்சரித்து (நாங்கள் அடுத்து அதைத்தான் செய்திருப்போம்), பஃபரின் நிலைக்கேற்ப சாம்பிள் வேகத்தைச் சற்றே திருத்தும் நிரலையும் எழுதித் தந்தீர்கள். இப்போது ஒலி அறுபடுவதில்லை. இப்பதிவு உங்கள் கண்ணில் பட்டால், எங்கள் மனமார்ந்த நன்றியை ஏற்றுக்கொள்ளுங்கள்.