அதிபர் கையெழுத்திட்டார், சரி. உத்தரவைப் படித்தீர்களா?

தமிழ் நாளிதழ், தொலைக்காட்சி, யூடியூப் செய்தி ஆசிரியர்களுக்கு,

வணக்கம். அமெரிக்க அதிபர் பேனாவை மூடுவதற்குள் இங்கே 'அதிரடி உத்தரவு' என்று பிரேக்கிங் ஓடத் தொடங்கிவிடுகிறது. அதோடு எங்களுக்குச் சண்டையில்லை. அடுத்த செய்தி போவதற்குள் உங்கள் அலுவலகத்தில் ஒருவராவது அந்த உத்தரவை முழுதாகப் படிக்க வேண்டும் என்பதுதான் கோரிக்கை.

வெளிநாட்டவர் அமெரிக்காவில் வேலை பார்க்கத் தரப்படும் எச்-1பி விசா பற்றி 2025 செப்டம்பர் 19 அன்று வந்த பிரகடனத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு லட்சம் டாலரை ஆண்டுதோறும் கட்ட வேண்டும் என்றார் வர்த்தக அமைச்சர். மறுநாள் வெள்ளை மாளிகை, ஒரே ஒரு முறைதான், அதுவும் புதிய மனுக்களுக்கு மட்டும் என்றது. அதற்குள் ஊருக்கு வந்திருந்தவர்கள் டிக்கெட்டுக்கு அலைந்து முடித்துவிட்டார்கள். பிரகடனத்தின் வாசகமும் குழப்பமானதுதான்: தடை நாட்டுக்குள் நுழைவதற்கு, பணம் மனுவுக்கு. ஆனால் காலம் 12 மாதம் என்பதும், அமல் 21ஆம் தேதி அமெரிக்கக் கிழக்கு நேரப்படி நள்ளிரவு 12.01 (நமக்குக் காலை 9.31) என்பதும் முதல் நாளே அதில் இருந்தன. எத்தனை பேர் அதைச் சொன்னோம்?

முதலில் பார்க்க வேண்டியது, எந்தச் சட்டத்தின் பேரில் உத்தரவு என்பதை. அது தொடக்கப் பத்தியிலேயே இருக்கும். காங்கிரஸ் (அமெரிக்க நாடாளுமன்றம்) கொடுத்த அதிகாரம் தெளிவாக இருந்தால் உத்தரவு நிற்கும். இல்லையென்றால் ஆட்டம் காணும். 1952 ஏப்ரல் 8 அன்று எஃகு ஆலைகளை அரசு வசமாக்க உத்தரவிட்டார் அன்றைய அதிபர் ட்ரூமன். ஜூன் 2 அன்று உச்ச நீதிமன்றம் 6-3 என்று அதை ரத்து செய்தது. 2025இன் இறக்குமதி வரிகளுக்குக் காட்டப்பட்ட 1977ஆம் ஆண்டுச் சட்டத்தில் வரி என்ற பேச்சே இல்லை. உச்ச நீதிமன்றம் வரை போன வழக்கின் மையம் அதுதான்.

அடுத்து, யார், எத்தனை நாளில், என்ன செய்ய வேண்டும். '90 நாளில் அறிக்கை தருக' என்றால் அன்றைக்கு நடப்பது அறிக்கை எழுதுவது மட்டுமே. கியூபாவில் அமெரிக்கா நடத்தும் குவாண்டனாமோ சிறையை ஓராண்டில் மூட 2009 ஜனவரி 22 அன்று ஒபாமா உத்தரவிட்டார். கைதிகளை இடம் மாற்றப் பணம் செலவிடக் கூடாதென்று காங்கிரஸ் குறுக்கே நின்றது. சிறை இன்னும் இருக்கிறது.

விலக்குகளைத் தாண்டிப் போகாதீர்கள். இந்தியப் பொருள்கள்மீது கூடுதலாக 25% வரி விதித்த 2025 ஆகஸ்ட் 6 உத்தரவு, 21 நாள் கழித்தே அமலுக்கு வந்தது. அதற்கு முன்பே கப்பலேறி, செப்டம்பர் 17க்கு முன் அங்கே சுங்கத்தில் பதிவான சரக்குக்கு அந்தக் கூடுதல் வரி விதிக்கப்படவில்லை. திருப்பூர் ஏற்றுமதியாளருக்குத் தலைப்பைவிட இந்த ஒரு வாக்கியம்தான் முக்கியமாக இருந்தது.

கடைசிப் பிரிவு பெரும்பாலும் ஒரே அச்சில் வார்த்ததுபோல் இருக்கும்: நடப்புச் சட்டத்துக்கு உட்பட்டு, நிதி ஒதுக்கீட்டைப் பொறுத்து, இதைக் காட்டி யாரும் அரசிடம் உரிமை கோர முடியாது. சலிப்பாக இருந்தாலும் படியுங்கள். மேலே முழங்கியதில் பாதி இங்கே அடங்கிவிடும்.

வெள்ளை மாளிகை உடன் வெளியிடும் 'ஃபேக்ட் ஷீட்' என்ற சுருக்கக் குறிப்பு உத்தரவு ஆகாது. அது விளம்பரத் தாள். உத்தரவுக்கு எண் போடுவது ஃபெடரல் ரெஜிஸ்டர் (அமெரிக்க அரசிதழ்) அலுவலகம், அங்கே அச்சாகச் சில நாள் ஆகும். எல்லாமே அதிபர் உத்தரவும் அல்ல. சிறுவயதில் உரிய ஆவணமின்றி அமெரிக்காவுக்கு அழைத்துவரப்பட்டவர்களை நாடுகடத்தலிலிருந்து காக்கும் 2012ஆம் ஆண்டின் 'டாகா' திட்டம், உள்நாட்டுப் பாதுகாப்புத் துறைச் செயலர் எழுதிய குறிப்பாணையில் தொடங்கியது. இன்றுவரை அதை ஒபாமாவின் உத்தரவு என்றே எழுதுகிறோம்.

'நீதிமன்றம் தடை' என்று போடும்போது யாருக்குத் தடை என்றும் சேர்த்துப் போடுங்கள். ஒரு மாவட்ட நீதிபதி நாடு முழுவதற்கும் ஓர் உத்தரவை நிறுத்திவைப்பதை உச்ச நீதிமன்றத்தின் 2025 ஜூன் 27 தீர்ப்பு வெகுவாகக் குறுக்கிவிட்டது. வழக்குப் போட்டவருக்கு மட்டுமா, அவரைப் போன்ற நிலையில் உள்ள ஒரு தரப்பார் அனைவருக்குமா என்று பார்க்க வேண்டும். தடை வந்ததோடு கதையும் முடியாது. சில நாட்டவர் அமெரிக்காவுக்குள் வருவதை நிறுத்திய 2017 ஜனவரி 27இன் பயணத் தடை உத்தரவு ஒரு வாரத்தில் நீதிமன்றத்தால் முடக்கப்பட்டது. மாற்றி எழுதிய மூன்றாவது வடிவம் 2018 ஜூன் 26 அன்று 5-4 என்று உச்ச நீதிமன்றத்தில் தேறியது. நீதிமன்றத்தின் முதல் தடையைக் கொட்டை எழுத்தில் போட்டவர்கள் இதையும் அதே அளவில் போட்டிருக்க வேண்டும்.

இப்படிக்கு,
அதிபர் உத்தரவுகளைத் தொடர்ந்து வாசிக்கும் சிலர்