என்ஜினைப் பிரிக்கும் முன் அளந்து பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

பழைய கார் புகைக்கிறது, இழுவை இல்லை என்றதுமே என்ஜினைப் பிரித்துப் போரிங் (சிலிண்டரின் உட்சுவரைக் கடைந்து சீராக்குவது) செய்யச் சொல்லும் வழக்கம் சில பட்டறைகளில் நிலவுவது வருத்தமளிக்கிறது. மாருதி 800 போன்ற மூன்று சிலிண்டர் பெட்ரோல் வண்டியில், என்ஜின் சூடான பிறகு ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றி, இக்னிஷனைத் துண்டித்து, பிளக் துளையில் அழுத்தம் அளக்கும் கேஜைப் பொருத்தி, ஆக்சிலரேட்டரை முழுவதும் அழுத்தியபடி ஸ்டார்ட்டரைச் சுழற்றினால், ஒவ்வொரு சிலிண்டரின் கம்ப்ரஷனையும், அதாவது உள்ளே உருவாகும் அழுத்தத்தையும், கேஜ் காட்டிவிடும். குறைவாகக் காட்டும் சிலிண்டரில் சிறிது ஆயில் விட்டு மீண்டும் அளக்கையில் அழுத்தம் நன்கு உயர்ந்தால், பிஸ்டன் ரிங்குகளோ சிலிண்டர் சுவரோ தேய்ந்திருக்கலாம். உயராவிட்டால் வால்வுகளையோ, ஹெட் எனப்படும் என்ஜின் மேல்மூடிக்கு அடியிலுள்ள கேஸ்கட்டையோதான் சந்தேகிக்க வேண்டும், அதற்குப் பெரும்பாலும் ஹெட்டை மட்டும் கழற்றினால் போதுமே! பட்டறையினர் இந்த அளவுகளை எழுதிக் கொடுத்த பிறகே செலவு மதிப்பீட்டைச் சொல்ல வேண்டுமெனக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
கார் உரிமையாளர் ஒருவர், கோவை