இந்தூர் ஒளி நம் மாணவர்களுக்கும் எட்ட வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

கடலூரிலும் புதுச்சேரியிலும் இயற்பியல் ஆய்வில் சேரும் மாணவர்களுள் ஒளிர்பொருள்களை, அதாவது ஓர் ஒளியை வாங்கி வேறோர் ஒளியாக வெளியிடும் பொருள்களை, தலைப்பாக எடுப்பவர்களைப் பல ஆண்டுகளாகப் பார்த்து வருகிறேன். வெள்ளை எல்.இ.டி. விளக்கின் நீல ஒளியில் ஒரு பகுதியை மஞ்சளாக மாற்றித் தரும் சீரியம் கலந்த கார்னெட் அத்தகைய பொருள்களுள் ஒன்று. உலையில் நாள்கணக்கில் காத்திருந்து மாணவர் தூளைத் தயாரிக்கிறார். ஆனால் செனான் விளக்கு பொருத்திய கருவியில் அளக்கும்போது 200 நானோமீட்டர் அலைநீளத்தோடு அவருடைய ஆய்வு நின்றுவிடுகிறது. அதற்குக் கீழே விளக்கும் மங்குகிறது, காற்றிலுள்ள ஆக்சிஜனும் ஒளியை விழுங்கிவிடுகிறது. அண்மையில் ஒரு வாய்மொழித் தேர்வில், "அந்தப் பகுதியில் என்ன நடக்கிறது?" என்ற கேள்விக்கு மாணவர் தலைகுனிந்து நின்றது என்னை மிகவும் வருத்தியது, அது அவர் குற்றமன்று.

அந்தக் கேள்விக்கு விடை தரக்கூடிய ஒளி நம் நாட்டிலேயே இருக்கிறது. இந்தூரின் ராஜா ராமண்ணா மேம்பட்ட தொழில்நுட்ப மையத்தில் உள்ள இன்டஸ்-1 சேமிப்பு வளையத்தில், 450 மெகா எலக்ட்ரான் வோல்ட் ஆற்றலோடு சுற்றும் எலக்ட்ரான்களைக் காந்தம் வளைக்கும்போது, புற ஊதாவுக்கும் அப்பால் விரியும் சின்க்ரோட்ரான் ஒளி வெளிப்படுகிறது. அதிலிருந்து வேண்டிய அலைநீளத்தைப் பிரித்தெடுத்து, வெற்றிடத்தில் வைத்த மாதிரியின் மீது செலுத்தலாம். பேரியம் ஃபுளூரைடு என்ற படிகத்தையே எடுத்துக்கொள்வோம்: ஏறத்தாழ 18 எலக்ட்ரான் வோல்ட்டுக்கு மேல், அதாவது 70 நானோமீட்டருக்கும் குறைந்த அலைநீளமுள்ள ஒளியால் தூண்டினால்தான், ஒரு நானோ நொடிக்குள் அணைந்துவிடும் 220 நானோமீட்டர் ஒளிர்வு அதில் தோன்றும். சாதாரண விளக்கை வைத்துக்கொண்டு ஆயுள் முழுதும் அளந்தாலும் அது கண்ணில் படாது. எலக்ட்ரான்கள் கொத்துக் கொத்தாகச் சுற்றுவதால் சின்க்ரோட்ரான் ஒளி துடிப்புகளாக வருகிறது. ஆகவே இவ்வளவு விரைவாக அணையும் ஒளிர்வையும் நேரக் கணக்கோடு அளக்க முடிகிறது.

ஆய்வுத் திட்டத்தை எழுதி அனுப்பினால், தகுதி பார்த்து அங்கே நேரம் ஒதுக்குகிறார்கள். ஆயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் இருப்பதாலோ என்னவோ, நம் மாணவர்கள் பலருக்கு இந்தச் செய்தியே எட்டுவதில்லை. ஆகவே இப்பகுதிக் கல்லூரிகள், ஆய்வுத் தலைப்பைப் பதிவு செய்யும்போதே மாணவருக்கு இந்த வாய்ப்பை விளக்கி, விண்ணப்பம் எழுதப் பயிற்சியும் இந்தூர் சென்று வரப் பயணச் செலவும் அளிக்க வேண்டும் எனத் தங்கள் நாளிதழ் வாயிலாகக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற இயற்பியல் பேராசிரியர்,
மஞ்சக்குப்பம், கடலூர்.