அப்பீலில் வென்ற பிறகு பிப் எத்தனை காலம் வரும்?

அன்பான வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.

பிப் என்ற இயலாமை உதவித்தொகைக்காக ட்ரிப்யூனலில் (மேன்முறையீட்டு மன்றத்தில்) வென்றுவிட்டு எங்கள் கடைக்கு வருகிறவர்கள் அநேகமாகக் கேட்பது ஒன்றைத்தான்: "இனி ஒரு பயமும் இல்லைத்தானே?" அந்த மகிழ்ச்சியைக் குறைக்க எங்களுக்கு மனமில்லை. ஆனாலும் டெசிஷன் நோட்டீஸில் (ட்ரிப்யூனலின் தீர்ப்புக் கடிதத்தில்) எவ்வளவு கிடைத்தது என்று பார்க்கும்போதே, எந்தத் தேதியில் முடிகிறது என்பதையும் பார்த்துவிடுங்கள். அதைச் சொல்லத்தான் இந்த மடல்.

பிப் 2013இல் வேலை வயதினருக்கு டி.எல்.ஏ. என்ற முந்தைய இயலாமை உதவித்தொகைக்குப் பதிலாக வந்தது. 2012ஆம் ஆண்டுச் சட்டப்படி அதை ஒரு குறிப்பிட்ட காலத்துக்குத்தான் கொடுக்க வேண்டும். காலவரையறை பொருந்தாது என்று முடிவெடுப்பவர் கருதினால் மட்டும் அது இல்லாமல் கொடுக்கலாம். ட்ரிப்யூனலுக்கும் இதே சட்டம்தான். நீதிபதி, வைத்தியர், இயலாமை பற்றி அனுபவமுள்ள இன்னொருவர் என்று மூன்று பேர் உட்கார்ந்து, உங்கள் நிலைமை மாறக்கூடியதா என்று யோசித்துக் காலத்தை முடிவு செய்கிறார்கள். வரையறை இல்லாமல் கிடைத்தால் அது ஆயுளுக்கும் உறுதி என்று எண்ண வேண்டாம். பொதுவாக 10 ஆண்டில் ஒரு சிறிய மறுபரிசீலனை வரும். ஓய்வூதிய வயதைத் தாண்டியவர்களுக்கும் பெரும்பாலும் இப்படித்தான்.

பலர் தடுமாறுவது காலக்கணக்கில்தான். காலம் வழக்கு நடந்த நாளிலிருந்து ஓடத் தொடங்குவதில்லை. டி.டபிள்யூ.பி. (பிப் கொடுக்கும் அரசுத் துறை) முதலில் முடிவெடுத்த நேரத்தில் உங்கள் நிலைமை எப்படி இருந்தது என்பதைத்தான் ட்ரிப்யூனல் பார்க்க வேண்டும். அதனால் புதிதாக விண்ணப்பித்தவருக்குப் பணமும் பழைய தேதியிலிருந்தே கணக்கிடப்படும். உதாரணத்துக்கு, 2024 ஜனவரியில் விண்ணப்பித்தவருக்கு 2025 மார்ச்சில் வழக்கு நடந்து 3 ஆண்டு கிடைக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். நிலுவைப் பணம் மொத்தமாக வரும், சரி. ஆனால் 14 மாதம் ஏற்கெனவே போய்விட்டது. மீதி 22 மாதம்தான். முடிவதற்கு ஓராண்டு முன்பே மறுபரிசீலனைப் படிவம் வரலாம் என்பதால், 2026 தொடக்கத்திலேயே அது வீட்டுக் கதவுக்குள் விழுந்து கிடக்கலாம். வென்று ஒரு வருடம்கூட ஆகியிருக்காது. "இப்பத்தானே வழக்கு முடிஞ்சது" என்று மனம் உடைந்து போகிறவர்களைப் பார்த்திருக்கிறோம். உங்களை யாரும் பழிவாங்கவில்லை. தேதிக் கணக்கு அப்படி.

ஏ.ஆர்.1 எனப்படும் அந்த மறுபரிசீலனைப் படிவத்தைத் திருப்பி அனுப்ப ஒரு மாதம்தான் தருவார்கள். கூடுதல் நேரம் வேண்டுமென்றால் அந்த மாதத்துக்குள்ளேயே தொலைபேசியில் கேளுங்கள். அனுப்பாமல் விட்டால் பணம் நின்றுவிடலாம். ஊருக்குப் போகிறவர்கள் இதைக் கட்டாயம் கவனிக்க வேண்டும். யாழ்ப்பாணத்தில் நீங்கள் நிற்கும்போது இங்கே கடிதம் வந்து கிடந்தால் யார் பிரிப்பது? வெளிநாட்டில் இருக்கும் காலத்துக்கும் பொதுவாக 13 வாரம்தான் எல்லை. வைத்தியத்துக்காகப் போனால் 26 வாரம். பயணத்துக்கு முன் டி.டபிள்யூ.பி.க்கு அறிவியுங்கள். நம்பிக்கையான ஒருவரிடம் வீட்டுக் கடிதங்களைப் பார்க்கச் சொல்லிவிட்டுப் போங்கள்.

அன்றாட வேலைகளில் உங்களுக்குள்ள சிரமத்துக்கு ட்ரிப்யூனல் கொடுத்த புள்ளிகள் அடுத்த மறுபரிசீலனையைக் கட்டுப்படுத்தாது. இது எங்களுக்கு நியாயமாகப் படவில்லை, ஆனால் நடைமுறை இதுதான். ஆகவே வென்ற தாள்களை ஒரு கோப்பில் பத்திரமாக வையுங்கள். டெசிஷன் நோட்டீஸ் வந்த ஒரு மாதத்துக்குள் விரிவான எழுத்துக் காரணங்களைக் கேட்டு வாங்கலாம். சமைப்பது, குளிப்பது, நடப்பது பற்றி நீங்கள் சொன்னதை ட்ரிப்யூனல் ஏன் நம்பியது என்பது அதில் இருக்கும். அடுத்த படிவத்தோடு இணைக்க அதைவிட நல்ல ஆதாரம் கிடைப்பது கடினம். அப்புறம், ஜிபி கடிதம், வைத்தியசாலைக் கடிதம், மருந்துப் பட்டியல் எல்லாவற்றையும் வர வர அதே கோப்பில் சேருங்கள்.

சில குறுகிய கால முடிவுகளுக்கு மறுபரிசீலனைப் படிவமே வராது. தேதி வந்ததும் பணம் நின்றுவிடும். அவர்கள் கடைசி 6 மாதத்துக்குள் புதிதாக விண்ணப்பிக்க வேண்டும். காலம் குறைவாகக் கிடைத்துவிட்டதே என்று மேல் ட்ரிப்யூனலுக்குப் போக நினைப்பவர்கள் முதலில் எங்களிடம் பேசுங்கள். அங்கே சட்டப் பிழை இருந்தால்தான் வழக்கு எடுபடும். "இன்னும் ஒரு வருடம் கூடத் தந்திருக்கலாம்" என்பது மட்டும் போதாது.

வென்ற கையோடு செய்ய வேண்டிய இன்னொரு வேலையும் உண்டு. பிப்பில் அன்றாட வாழ்வுப் பகுதி கிடைத்திருந்து, உங்களை வாரம் 35 மணி நேரமாவது யாராவது பராமரித்தால், அவர் கேரர்ஸ் அலவன்ஸ் (பராமரிப்பவருக்கான உதவித்தொகை) கேட்க முடியுமா என்று பாருங்கள். உங்கள் பிப் முடிவு வந்த 3 மாதத்துக்குள் அவர் விண்ணப்பித்தால் அதுவும் பழைய தேதியிலிருந்து கணக்கிடப்படும். அவருடைய வருமானத்தையும், இதனால் உங்கள் மற்ற உதவித்தொகைகள் குறையுமா என்பதையும் முதலில் பார்க்க வேண்டும்.

மேலே சொன்னவை இங்கிலாந்திலும் வேல்ஸிலும் இருப்பவர்களுக்கு. ஸ்கொட்லாந்தில் பிப்புக்குப் பதிலாக அடல்ட் டிஸபிலிட்டி பேமென்ட் இருக்கிறது, அதன் விதிகள் வேறு.

அடுத்த முறை கடைக்கு வரும்போது டெசிஷன் நோட்டீஸையும், அதற்குப் பிறகு டி.டபிள்யூ.பி. அனுப்பிய கடிதத்தையும் கொண்டு வாருங்கள். முடிவுத் தேதி இரண்டிலும் ஒன்றாக இருக்கிறதா என்று பார்த்து, படிவம் எப்போது வரலாம் என்பதை உங்கள் தொலைபேசியிலேயே குறித்துத் தருகிறோம். இதற்குக் கட்டணம் இல்லை.

அன்புடன்,
உங்கள் படிவ, மொழிபெயர்ப்பு நிலையத்தார்
லண்டன்