இரண்டு பெயர், ஒரே சர்வர்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஒரு டொமைனின், அதாவது இணையப் பெயரின், தளமும் மெயிலும் எங்கே இருக்கின்றன என்று கேட்பவர்களுக்குச் சொல்லும் நேம்சர்வரைச் சொந்தமாக அமைத்து டொமைன்களை நடத்துவது பற்றித் தங்கள் நாளிதழின் தொழில்நுட்பப் பக்கத்தில் சென்ற வாரம் வெளியான கட்டுரையைப் படித்தேன். இப்படியொரு விஷயத்தைத் தமிழில் பொறுமையாக விளக்கியதற்கு நன்றி. ஆனால், ஒரே சர்வருக்கு இரண்டு ஐபி முகவரிகள் வாங்கி, என்எஸ்1, என்எஸ்2 ஆகிய இரண்டு பெயர்களையும் அதற்கே கொடுத்துவிட்டால் வேலை முடிந்தது என்று அதில் காட்டியிருக்கும் வழியை அப்படியே பின்பற்றும் வாசகர்கள் என்றாவது ஒரு நாள் மாட்டிக்கொள்வார்கள். ஈரோட்டில் ஜவுளிக் கடைகளுக்கும் பள்ளிகளுக்கும் இணையதளம் பராமரித்துவருபவன் என்ற முறையிலும், இதே தவறைச் செய்து பட்டவன் என்ற முறையிலும் இதை எழுதுகிறேன்.

சொந்த நேம்சர்வர் வேண்டாம் என்பதல்ல என் வாதம். வாடிக்கையாளர்களின் டொமைன்கள் எல்லாம் நம் பெயரிலுள்ள நேம்சர்வரைப் பார்த்திருந்தால், சர்வரை வேறு நிறுவனத்துக்கு மாற்றும்போது ஒவ்வொரு கடைக்காரரிடமும் போய் ரெஜிஸ்ட்ரார், அதாவது டொமைனைப் பதிந்து தரும் நிறுவனத்தின், கணக்கு பாஸ்வேர்டைக் கேட்டு நிற்க வேண்டியதில்லை (அது எந்த மின்னஞ்சலில் கிடக்கிறது என்பதே பாதிப் பேருக்கு நினைவிருக்காது). நம் ரெஜிஸ்ட்ராரிடம் உள்ள க்ளூ பதிவில் ஐபி முகவரியை மாற்றி, டொமைனின் பதிவுகள் எழுதப்பட்ட நம் சோன் கோப்புகளையும் திருத்தினால் போதும். நேம்சர்வரை அடைய அதன் முகவரி தெரிய வேண்டும், முகவரியைத் தெரிந்துகொள்ளவோ அதே நேம்சர்வரைத்தான் கேட்க வேண்டும் என்ற சுழலை அறுப்பதற்காக, மேலேயுள்ள பதிவகத்திலேயே, அதாவது டாட் காம் போன்றவற்றை நடத்தும் அமைப்பிலேயே, எழுதி வைக்கப்படும் முகவரிதான் க்ளூ பதிவு. இதுவரை கட்டுரையாளரோடு எனக்கு முழு உடன்பாடு.

இரண்டு நேம்சர்வர்கள் கேட்கப்படுவது எதற்காக என்பதில்தான் அவர் தடுக்கி விழுகிறார். பால் மொக்கபெட்ரிஸ் 1987-இல் எழுதிய டிஎன்எஸ் (பெயரைக் கொண்டு முகவரியைக் கண்டுபிடித்துத் தரும் ஏற்பாடு) நெறிமுறை, ஒவ்வொரு சோனும் குறைந்தது இரண்டு சர்வர்களில் இருக்க வேண்டும் என்கிறது. அந்தச் சர்வர்கள் வெவ்வேறு ஊர்களில், வெவ்வேறு நெட்வொர்க்குகளில் இருக்க வேண்டும் என்று 1997-இல் வந்த ஆர்எஃப்சி 2182 என்ற இணைய வழிகாட்டு ஆவணம் வெளிப்படையாகவே சொல்லிவிட்டது. ஒரே கிணற்றின் மேல் இரண்டு ராட்டினம் கட்டிவிட்டு, இரண்டு கிணறு இருப்பதாக எண்ணிக்கொள்ளக் கூடாது. 2001 ஜனவரியில் மைக்ரோசாஃப்ட் நிறுவனத்தின் தளங்கள் ஏறக்குறைய ஒரு நாள் முழுவதும் திறக்காமல் போயின. அந்த நிறுவனத்துக்கு நான்கு நேம்சர்வர்கள் இருந்தும், நான்கும் ஒரே நெட்வொர்க்கில் இருந்ததால், ஒரு ரவுட்டரில் செய்த தவறான மாற்றம் எல்லாவற்றையும் சேர்த்து மறைத்துவிட்டது.

'தளமும் அதே சர்வரில்தானே இருக்கிறது, சர்வர் போனால் நேம்சர்வர் மட்டும் உயிரோடிருந்து என்ன பயன்?' என்று கேட்கலாம். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு வெள்ளிக்கிழமை இரவு என் சர்வரின் டிஸ்க் போயிற்று. மறுநாள் காலை ஏற்றுமதியாளர் ஒருவர் போன் செய்து, 'வெப்சைட் போனால் போகட்டும் தம்பி, மெயில் ஏன் வரவில்லை? அது வேறு கம்பெனியில்தானே இருக்கிறது?' என்றார். மெயில் சர்வர் நன்றாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது. ஆனால், அது எங்கே இருக்கிறது என்று சொல்லும் எம்எக்ஸ் பதிவு, செத்துப்போன என் நேம்சர்வரில் இருந்தது. டிடிஎல், அதாவது ஒரு பதிவை மற்ற சர்வர்கள் நினைவில் வைத்திருக்கும் நேரம், நான்கு மணி என்று நான் வைத்திருந்ததால், விடிவதற்குள் ஊரெல்லாம் அந்தப் பதிவை மறந்துவிட்டது. புதிய சர்வர் எடுத்து, க்ளூ பதிவை அன்று மதியமே மாற்றினேன். ஆனாலும், டாட் காம் பதிவகம் அந்தப் பதிவுக்குத் தரும் டிடிஎல் 1,72,800 வினாடிகள், அதாவது முழுதாக இரண்டு நாட்கள் என்பதால், சிலருக்கு ஞாயிறு மாலைவரை பழைய முகவரிதான் போய்க்கொண்டிருந்தது. இரண்டாவது நேம்சர்வர் மட்டும் வேறெங்காவது இருந்திருந்தால் மெயில் ஒரு நிமிடம்கூட நின்றிருக்காது.

அதற்குப் பெரிய செலவும் ஆகாது. நேம்சர்வருக்கு வேலை குறைவு என்பதால், வேறொரு நிறுவனத்தில், வேறொரு ஊரில் உள்ள மிகச் சிறிய விபிஎஸ் (வாடகை மெய்நிகர் சர்வர்) போதும். அல்லது இதே தொழிலில் உள்ள ஒரு நண்பரும் நாமும் ஒருவருக்கொருவர் செகண்டரியாக, அதாவது சோனின் நகலை வைத்துப் பதில் சொல்லும் இரண்டாவது நேம்சர்வராக, இருந்துகொள்ளலாம். நானும் கோவை நண்பர் ஒருவரும் இன்று அப்படித்தான் ஓட்டுகிறோம். நேம்சர்வரை ஓட்டும் பைண்ட் மென்பொருளில் இதற்குச் சில வரிகளே எழுத வேண்டியிருக்கும். சோன் கோப்பைத் திருத்தும் ஒவ்வொரு முறையும் சீரியல் எண்ணை ஏற்ற மறந்தால், மாற்றம் நடந்ததே செகண்டரிக்குத் தெரியாமல் பழையதையே சொல்லிக்கொண்டிருக்கும். எக்ஸ்பயர் மதிப்பை, அதாவது பிரைமரி என்ற மூல நேம்சர்வரை எட்ட முடியாதபோது செகண்டரி தாக்குப்பிடிக்கும் காலத்தை, ஒரு நாள் என்று குறைத்து வைத்தால், பிரைமரி படுத்த மறுநாளே செகண்டரியும் பதில் சொல்வதை நிறுத்திவிடும். இரண்டு முதல் நான்கு வாரம் என்று வைப்பதே நல்லது.

கட்டுரையின் மாதிரிக் கோப்பில் இன்னொரு பிழையும் உண்டு. அச்சில் நேர்ந்ததாகவே இருக்கலாம். டொமைனின் நேம்சர்வர் எது என்று சொல்லும் என்எஸ் பதிவில் அந்த நேம்சர்வரின் முழுப் பெயருக்குப் பின் வர வேண்டிய புள்ளி விடுபட்டிருக்கிறது. அந்தப் புள்ளி இல்லாவிட்டால் மென்பொருள் அதைப் பாதிப் பெயராக எண்ணி, டொமைன் பெயரை மறுபடியும் பின்னால் ஒட்டி, உலகில் இல்லாத ஒரு நேம்சர்வரைத் தேடச் சொல்லும். பார்த்தால் எல்லாம் சரியாக இருப்பது போலவே தோன்றும் என்பதால், இதைக் கண்டுபிடிக்க ஒரு ராத்திரி முழுக்க விழித்தவர்கள் எங்கள் தொழிலில் அநேகம். ரிகர்ஷனை, அதாவது பிறர் டொமைன்களையும் தேடிப் பதில் சொல்லும் வசதியை, அணைக்கச் சொல்லாததும் ஒரு குறை. யார் கேட்டாலும், எந்த டொமைனைப் பற்றிக் கேட்டாலும் தேடிப் பதில் சொல்லும்படி திறந்து விடப்பட்ட நேம்சர்வர்களை ஆயுதமாக்கித்தான் 2013 மார்ச்சில் ஸ்பாம் மெயிலை எதிர்க்கும் ஸ்பாம்ஹாஸ் அமைப்பின் மீது மிகப் பெரிய தாக்குதல் நடத்தப்பட்டது. ஃபயர்வாலில் நேம்சர்வருக்கான 53-ஆம் போர்ட்டை, தகவல் அனுப்பும் இரு முறைகளான யுடிபி, டிசிபி ஆகியவற்றில் யுடிபிக்கு மட்டும் திறக்கச் சொல்லியிருப்பதும் போதாது. செகண்டரி நகல் எடுக்கும் சோன் பரிமாற்றமும் பெரிய பதில்களும் டிசிபி வழியாகவே போவதால் இரண்டையும் திறக்க வேண்டும்.

இந்தத் திருத்தங்களை அடுத்த வாரப் பகுதியிலேயே வெளியிடக் கேட்டுக்கொள்கிறேன். கட்டுரையைப் பார்த்து ஏற்கெனவே அமைத்துவிட்டவர்கள், என்எஸ்1, என்எஸ்2 இரண்டின் ஐபி முகவரிகளையும் அருகருகே எழுதிப் பார்க்கட்டும். முதல் மூன்று எண்களும் ஒன்றாக இருந்தால், இரண்டாவதை இந்த வாரமே வேறிடத்துக்கு மாற்றிவிடுவது நல்லது.

இப்படிக்கு,
இணையதளப் பராமரிப்பாளர் ஒருவர்,
ஈரோடு.