யாரும் சேர்த்துக்கொள்ளாத பையன்: ஒரு வகுப்பாசிரியைக்குக் கடிதம்

அன்புள்ள தங்கைக்கு,

உன் மெயில் கிடைத்தது. ஏழாம் வகுப்பில் ஒரு பையனை யாரும் சேர்த்துக்கொள்வதில்லை, பட்டப்பெயர் வைத்தே கூப்பிடுகிறார்கள், குரூப் பிரித்தால் "மிஸ், இவன் எங்க குரூப்ல வேணாம்" என்று உன் முகத்துக்கு நேராகவே சொல்கிறார்கள் என்று எழுதியிருந்தாய். ஒருநாள் பொறுக்க முடியாமல் பாடத்தை நிறுத்திவிட்டு வகுப்புக்கே நீளமாக அறிவுரை சொன்னாய், அதற்கப்புறம் நிலைமை இன்னும் மோசமாகிவிட்டது. "பசங்களே இப்படி இருந்தா நான் என்னக்கா செய்ய முடியும்?" என்று முடித்திருந்தாய். இதையே வேறு சில ஆசிரியர்களும் என்னிடம் கேட்டிருக்கிறார்கள். அதனால்தான் பதிலைப் பொதுவில் எழுதுகிறேன்.

நிறையச் செய்ய முடியும். பிள்ளைகளுக்குள் யாருக்கு மவுசு, யார் வேண்டாதவன் என்பதெல்லாம் அவர்களாகவே போட்டுக்கொண்ட கணக்கு, நமக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்று ஆசிரியர்கள் நினைக்கிறோம். அந்தக் கணக்கில் பெரிய பங்கு நம்மைப் பார்த்துப் போட்டது. அதைத்தான் உனக்குப் புரியவைக்கப் பார்க்கிறேன்.

ஒரு காட்சியை யோசித்துப் பார். இரண்டு பேர் ஹோம்வொர்க் நோட்டு கொண்டுவரவில்லை. ஒருவன் நன்றாகப் படிக்கிறவன். ஆசிரியர் அவனிடம், "என்னப்பா, நீயுமா? சரி, நாளைக்கு மறக்காம கொண்டு வா" என்கிறார். அடுத்தவனிடம், "உன்கிட்ட வேற என்ன எதிர்பார்க்க முடியும்?" அவ்வளவுதான். கை ஓங்கவில்லை, கெட்ட வார்த்தை இல்லை, வகுப்பு லேசாகச் சிரிக்கிறது, ஆசிரியர் முகத்திலும் ஒரு சின்னப் புன்னகை. இன்டர்வலில் அதே வாக்கியம் அதே குரலில் அவன் காதில் திரும்ப விழும். இந்த முறை நாலு பேர் சுற்றி நின்று சொல்வார்கள். நீ இப்படிப் பேசுகிறவள் இல்லை என்று எனக்குத் தெரியும். ஆனால் உன் வகுப்புக்கு ஒரு நாளைக்கு ஆறேழு ஆசிரியர்கள் வந்துபோகிறார்கள். அவர்களில் யார் அவனிடம் எப்படிப் பேசுகிறார்கள் என்று விசாரித்துப் பார். அவனுடைய பட்டப்பெயர் ஒரு ஆசிரியரின் வாயிலிருந்து கிளம்பியதாக இருந்தாலும் நான் ஆச்சரியப்பட மாட்டேன்.

இது வெறும் அனுமானம் இல்லை. கர்ட் லெவின், லிப்பிட், ஒயிட் என்ற மூவர் 1939இல் வெளியிட்ட ஓர் ஆய்வு உண்டு. பத்து வயதுப் பையன்களைச் சின்னச் சின்ன குழுக்களாகப் பிரித்து, பெரியவர் ஒருவர் நடத்தும் கைவேலைக் கிளப்புகளில் வைத்துப் பார்த்தார்கள். எல்லாவற்றையும் தானே முடிவு செய்து உத்தரவு போடும் தலைவருக்குக் கீழ் இருந்த குழுக்கள் சிலவற்றில் பையன்கள் ஒருவருக்கொருவர் பகையாக நடந்துகொண்டார்கள், எல்லோரும் சேர்ந்து ஒருவனை மட்டும் குறிவைத்தார்கள். குறிவைக்கப்பட்டவன் கிளப்பை விட்டே நின்றுபோனதும் நடந்தது. கலந்து பேசி முடிவெடுக்கும் தலைவருக்குக் கீழ் அந்த அளவுக்குப் போகவில்லை. மேலே இருப்பவர் மேல் வரும் கோபத்தை அவரிடம் காட்ட முடியாதபோது, பக்கத்தில் இருக்கும் எளியவன் மேல் அது இறங்குகிறது.

இன்னொன்று ரெபெக்கா பிக்லரும் அவருடன் சேர்ந்தவர்களும் 1997இல் வெளியிட்டது. ஒரு கோடைப் பள்ளியில் பிள்ளைகளுக்கு நீலம், மஞ்சள் என்று இரண்டு நிற டி-ஷர்ட்கள் கொடுத்தார்கள். சில வகுப்புகளில் ஆசிரியர்கள் நிறத்தைக் கண்டுகொள்ளவே இல்லை. மற்ற வகுப்புகளில் உட்கார வைப்பது, வரிசையில் நிறுத்துவது என்று எல்லாவற்றுக்கும் நிறத்தைப் பயன்படுத்தினார்கள். எந்த நிறமும் உசத்தி என்று யாரும் சொல்லவில்லை. அப்படியிருந்தும் இரண்டாவது வகை வகுப்புகளில் சில வாரங்களில் பிள்ளைகள் தங்கள் நிறக்காரர்களை உயர்த்திப் பார்க்கத் தொடங்கிவிட்டார்கள். முதல் வகையில் அது நடக்கவில்லை. நன்றாகப் படிப்பவர்கள் ஒரு பெஞ்ச், சுமாரானவர்கள் ஒரு பெஞ்ச் என்று நாம் உட்கார வைக்கும்போது என்ன நடக்கும் என்று நீயே யோசித்துக்கொள்.

இனி உன் அறிவுரை ஏன் எடுபடவில்லை என்பதற்கு வருகிறேன். நீ அவன் பெயரைச் சொல்லி, "இவனை ஏன் ஒதுக்குறீங்க?" என்று கேட்டிருப்பாய். அந்த நேரத்தில் அவன் முகம் எப்படி இருந்தது? அதுவரை அவனை ஒதுக்காதவர்களுக்கும் அவன் ஒதுக்கப்பட்டவன் என்பது அன்றைக்குத் தெரிந்துபோனது. கூடவே, உன்னிடம் கோள் சொன்னவன் என்ற பெயரும் அவனுக்கு வந்திருக்கும். எண்ணம் நல்லதுதான், ஆனால் அவனை மறுபடி அப்படி எல்லார் முன்னும் நிறுத்தாதே.

அதற்குப் பதிலாக ஒரு பீரியடின் கடைசி ஐந்து நிமிடத்தில் எல்லோருக்கும் ஆளுக்கொரு துண்டுச் சீட்டு கொடு. "புது இடம் போடப் போறேன். யார் பக்கத்துல உட்கார விருப்பம்னு மூணு பேர் எழுதுங்க. யாருக்கும் காட்டாதீங்க." யாரைப் பிடிக்காது என்று மட்டும் கேட்காதே, அது விஷத்தை நாமே கிண்டிவிடுவது மாதிரி. ஜேகப் மொரேனோ என்பவர் 1930களிலேயே இந்த முறைக்கு ஒரு வடிவம் கொடுத்துவிட்டார். வீட்டுக்குக் கொண்டுபோய்ச் சீட்டுகளைப் பரப்பிவைத்து, யார் யாரை எழுதியிருக்கிறார்கள் என்று ஒரு தாளில் அம்புக்குறி போட்டு வரைந்து பார். அந்தப் பையனை நோக்கி ஒரு அம்பும் வராமல் போகலாம். அதோடு நிறுத்திவிடாதே. அவன் யாரை எழுதியிருக்கிறான் என்பதுதான் உனக்கு வேண்டும். அந்த மூவரில் சாதுவான, எந்தக் கூட்டத்தையும் சேராத ஒருவன் இருந்தால், அவன்தான் நீ தேடுகிற ஆள். வகுப்பு முழுக்க அந்த ஒதுக்கப்பட்ட பையனை விரும்ப வேண்டியதில்லை. ஒரே ஒரு நண்பன் கிடைத்துவிட்டாலே சீண்டல் குறையும், வலியும் குறையும் என்பதைப் பல ஆய்வுகள் திரும்பத் திரும்பக் காட்டியிருக்கின்றன.

அப்புறம் இடம் மாற்று. நெதர்லாந்தில் வான் டென் பெர்க் என்பவரும் மற்றவர்களும் செய்து 2012இல் வெளியான ஆய்வில், ஒருவரையொருவர் அவ்வளவாகப் பிடிக்காத பிள்ளைகளைச் சில வாரங்கள் அருகருகே உட்கார வைத்தார்கள். பிடிக்காதவர்களுக்குள் பிடித்தம் கூடியது, வகுப்பில் சீண்டலும் குறைந்தது. தள்ளி இருக்கும்போது மனதுக்குள் இருப்பது ஒருவரைப் பற்றிய வதந்திதான், பக்கத்தில் உட்கார்ந்தால் ஆளைத் தெரிந்துகொள்கிறோம். ஆனால் கவனம். அந்த ஆய்வு பேசியது பிடிக்காதவர்களைப் பற்றி. அவனை நேரடியாக வதைக்கிறவனைக் கொண்டுபோய் அவன் பக்கத்தில் உட்கார வைத்துவிடாதே. எல்லோருக்கும் சேர்த்து மாற்று, அவனுக்காக மாற்றியதாக யாருக்கும் தோன்றக்கூடாது. டீம் பிரிப்பதையும் இனிமேல் நீயே செய். லீடர்கள் இரண்டு பேர் நின்று ஆள் பொறுக்கும்போது, கடைசியில் மிச்சமாக நிற்கிற அந்த அரை நிமிடம் ஒரு பிள்ளையை என்ன செய்யும் என்று நமக்குத் தெரியாதா? பி.டி. ஆசிரியரிடமும் சொல்லிவை.

வதைக்கிறவனைப் பற்றியும் பேச வேண்டும். அவன் வீட்டில் அடி வாங்கி, தாழ்வு மனப்பான்மையில் இப்படிச் செய்கிறான் என்றுதான் நாம் முதலில் நினைப்போம். சிலர் விஷயத்தில் அது உண்மையாக இருக்கலாம். ஆனால் பல வகுப்புகளில் அவன் கெட்டிக்காரன், ஆள் சேர்க்கத் தெரிந்தவன், ஆசிரியர்களுக்கும் செல்லம். சில நேரம் கிளாஸ் லீடரே அவன்தான். பேசுகிறவர்கள் பெயரைப் போர்டில் எழுதும் வேலையை அவனிடம் கொடுத்திருக்கிறாயா என்று பார். கொடுத்திருந்தால் இன்றைக்கே அந்த வழக்கத்தை நிறுத்து. ஒரு பிள்ளை கையில் சாக்பீஸைக் கொடுத்து இன்னொரு பிள்ளைக்குத் தண்டனை வாங்கித்தரும் அதிகாரத்தை நாமே கொடுப்பது எனக்கு எப்போதுமே சரியாகப் பட்டதில்லை.

அவனுக்குப் பலம் தருவது சுற்றி நிற்கும் கூட்டம். பின்லாந்தில் கிறிஸ்டினா சல்மிவல்லி என்ற ஆய்வாளரும் அவருடன் சேர்ந்தவர்களும் 1996இல் இதைத் தெளிவாகப் பிரித்துக் காட்டினார்கள். சீண்டுபவன், அவனுக்குக் கைகொடுப்பவன், சிரித்து உற்சாகப்படுத்துபவன், பாதிக்கப்பட்டவனுக்காக நிற்பவன், ஒதுங்கிப் போகிறவன் என்று வகுப்பில் ஏறக்குறைய எல்லோருக்குமே ஒரு பங்கு இருக்கிறது. அந்த நாட்டுப் பள்ளிகளில் பரவிய, சீண்டலைத் தடுப்பதற்கான 'கிவா' திட்டம் இந்த அடிப்படையில் உருவானதுதான். கனடாவில் பெப்லர், கிரேக் ஆகியோர் பிள்ளைகள் சட்டையில் மைக் வைத்து, தூரத்திலிருந்து கேமராவில் மைதானத்தைப் படம்பிடித்தார்கள். பெரும்பாலான சம்பவங்களில் மற்ற பிள்ளைகள் பக்கத்தில்தான் இருந்தார்கள். ஆனால் 100க்கு 19இல்தான் யாராவது ஒரு பிள்ளை தடுத்தது. அப்படித் தடுத்தபோது பாதிக்கு மேற்பட்ட முறை, 57 சதவீதம், 10 விநாடிக்குள் சீண்டல் நின்றுபோனது! ஒரு பிள்ளை "விடுறா, போதும்" என்று சொன்னால் போதுமாக இருக்கிறது. இதே ஆய்வாளர்களின் முந்தைய பதிவுகளில் ஆசிரியர்கள் தலையிட்டது மைதானச் சம்பவங்களில் 100க்கு 4 மட்டும். கண்ணில் பட்டிருக்காது என்பதும் ஒரு காரணம்.

ஆகவே உன் உழைப்பில் பெரும்பகுதி அந்தச் சும்மா நிற்கிறவர்களிடம் போக வேண்டும். அவர்களில் மதிப்புள்ள மூன்று நான்கு பேரைத் தனித்தனியாகக் கூப்பிடு. "அவனைப் பத்தி எனக்குக் கவலையா இருக்கு. உன்னால என்ன செய்ய முடியும்னு நினைக்கிற?" என்று கேள், வழியை அவர்களே சொல்லட்டும். சாப்பிடும்போது கூப்பிட்டு உட்கார வைக்கிறேன் என்பார்கள், பட்டப்பெயர் சொன்னால் சிரிக்காமல் இருக்கிறேன் என்பார்கள். அது போதும். சிரிப்பு கிடைக்காத பட்டப்பெயர் அதிக நாள் நிலைக்காது. யாராவது வந்து உன்னிடம் விஷயத்தைச் சொன்னால், "கோள் சொல்லாதே" என்று மட்டும் சொல்லிவிடாதே. அந்த ஒரு வார்த்தைக்கப்புறம் வருடம் முழுக்க உன்னிடம் யாரும் வாயைத் திறக்க மாட்டார்கள்.

வதைக்கிறவனையும் தனியாகக் கூப்பிட்டுப் பேசு. நீ பார்த்ததைச் சொல், இது நிற்க வேண்டும் என்று சொல், என்ன மாற்றிக்கொள்வான் என்று கேள். கத்த வேண்டாம். இரண்டு பேரையும் எதிரெதிரே நிற்கவைத்து "கை குடுங்க, சமாதானமாப் போங்க" என்பது மட்டும் வேண்டாம். சமபலம் உள்ள இருவர் சண்டைக்கு அது சரி. இங்கே ஒருவன் பலசாலி, ஒருவன் பயந்தவன். உன் முன்னால் கை கொடுத்துவிட்டு வராண்டாவில் அதற்கும் சேர்த்து வாங்குவான்.

அந்தப் பையனின் அம்மா வந்து அழுததாக எழுதியிருந்தாய். "அவனும் கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கணும்" என்று அவரிடம் சொல்லிவிடாதே. என்ன செய்யப் போகிறாய், எந்தத் தேதியில் மறுபடி பேசுவாய் என்று சொல். பையனிடம் வாரத்துக்கு ஒருமுறை தனியாக ஒரு நிமிடம் பேசு, நோட்டு வாங்குகிற சாக்கில் போதும். "எல்லாம் ஓகேவா?" என்று கேட்டால் "ம்" என்றுதான் வரும். "நேத்து இன்டர்வல்ல எங்க இருந்த? யார்கூட?" என்று கேள். முதல் இரண்டு வாரம் பெரிதாக எதுவும் மாறாது, சில நாள் சீண்டல் கூடுதலாகவும் தெரியும். நிறுத்திவிடாதே. சீட்டு எழுதவைத்துப் படம் போட்டதும் எனக்கு எழுது. பெயர்களை எடுத்துவிட்டு அம்புகளை மட்டும் அனுப்பினாலும் போதும், உட்கார்ந்து சேர்ந்து பார்ப்போம்.

அன்புடன்,
அக்கா